கோயில் புரவிகளை உடைத்தவர்கள் மீது எந்தப் பிரிவு? உதவி தேவை

காரைக்குடி பக்கம் எங்கள் கிராமம். ஆடி கடைசி வெள்ளிக்கு மறுநாள் காலை, அய்யனார் கோயில் மண் புரவிகளின் தலைகள் உடைந்து கிடந்தன. சன்னதிச் சுவரில் கரிய பெயிண்டால் எங்கள் வழிபாட்டை இழிவாகத் திட்டி எழுதியிருந்தார்கள். உடைந்தவை மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் செய்து, நேர்த்திக்கடனாக ஊரே சுமந்து வந்து வைத்த புரவிகள்.

புகார் கொடுத்தோம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். போட்டாலும் சொத்துச் சேதம், பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 324தான் வரும் என்கிறார்கள். மண் பொம்மைக்கு விலை போட்டுப் பார்க்கிற விஷயமா இது? வெறுப்புக் குற்றம் என்று நம் மாநிலத்தில் தனிச் சட்டம் இல்லை, தெரியும். ஆனால் மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தினால் 298 இருக்கிறதே! பழைய ஐ.பி.சி. 295தான் அது, 2 ஆண்டு வரை சிறை. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173(4)படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பினோம், பதில் இல்லை. சுவரை வெள்ளையடிக்கும் முன் படமெடுத்து வைத்திருக்கிறோம். முக்குக் கடை சிசிடிவியில் ஆள் நடமாட்டம் மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

அடுத்து 175(3)இல் மாஜிஸ்திரேட்டிடம் போகிறோம். 298க்கான நோக்கத்தைக் காட்ட, அந்தச் சுவர் எழுத்துப் படங்களோடு வேறு என்ன ஆதாரம் சேர்க்க வேண்டும்?