இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை சும்மா கிடைத்ததா? பட்டிமன்றத்துக்குத் தகவல் வேண்டும்

வெண்பா, திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் கல்லூரியில் பட்டிமன்றம். எதிரணி என்ன சொல்லும் என்று இப்போதே தெரியும்: "இங்கிலாந்துப் பெண்கள் சிறைக்குப் போய் ஓட்டு வாங்கினார்கள். இங்கே அரசியல் சட்டம் எழுதும்போதே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். போராட்டமே நடக்கவில்லை." கேட்டாலே எரிச்சலாக வருகிறது, ஆனால் பதில் சொல்லக் கையில் தகவல் இல்லை. நம் பக்கம் என்ன நடந்தது?

ராஜேஸ்வரி டீச்சர், புதுக்கோட்டை:
வெண்பா, இந்தக் கதை நம் சென்னையில்தான் தொடங்குகிறது. 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண்கல்வி பற்றிப் பேசத்தான் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் முதலில் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கையாக இருந்தால்தான் சந்திப்பார்கள் என்று பதில் வந்தது. சரி, அரசியலே பேசுகிறோம் என்று ஓட்டுரிமையையும் மனுவில் சேர்த்துக்கொண்டு, சரோஜினி நாயுடு தலைமையில் போனார்கள்.

யாருக்கு ஓட்டு என்று ஆராய அரசாங்கம் அமைத்த சவுத்பரோ கமிட்டி 'இந்தியச் சமூகம் இதற்குத் தயாராக இல்லை' என்று மறுத்தது. 1919-இன் இந்திய அரசுச் சட்டம், மாகாண சபைகள் விரும்பினால் கொடுக்கட்டும் என்று தள்ளிவிட்டது. மாகாணங்களில் முதலில் கொடுத்தது சென்னை, 1921-இல். அதுவும் சொத்தும் வரியும் உள்ள பெண்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்க 1926 வரை காத்திருந்தார்கள். அந்த வருஷமே கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். அப்போது மங்களூர் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அப்புறம் எங்கள் ஊர்ப் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டசபைக்குள் போனார். சபை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1930-இல் காந்தி கைதானதும் அந்தப் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமைதான்.

நிலா, ஹட்டன்:
தங்கச்சி, எங்கள் பக்கக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1927-இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார்கள். இலங்கையின் அரசியல் அமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்ன அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று கேட்டார்கள். "நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே" என்றார் அவர். கொழுந்து பறித்த குடும்பத்தில் பிறந்த நான் அந்தப் பதிலை மறக்கமாட்டேன். ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்றது. 1931-இல் 21 வயதிலேயே கிடைத்தது. ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருஷம் ஓட்டும் போனது. ஒருமுறை வாங்கினால் போதாது, பறிக்கவும் முடியும் என்று எதிரணிக்குச் சொல்லுங்கள்.

வெண்பா, திருச்சி:
நன்றி அக்கா, நன்றி டீச்சர். ஒரு சந்தேகம். "இதெல்லாம் படித்த, வசதியான பெண்கள் தங்களுக்காகக் கேட்டது" என்று எதிரணி மடக்கினால்?

ராஜேஸ்வரி டீச்சர், புதுக்கோட்டை:
1921-இல் பலன் பெற்றவர்கள் வசதியானவர்கள்தான், அதை ஒப்புக்கொண்டுவிடு. ஆனால் 1930-களில் என்ன நடந்தது பார். கணவனுக்குச் சொத்து இருந்தால் மனைவிக்கும் ஓட்டு என்று அரசாங்கம் பேசியது. பெண்கள் அமைப்புகள் மூன்று சேர்ந்து அதை எதிர்த்தன. இன்னாருடைய மனைவி என்பதற்காக ஓட்டு வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் கொடுங்கள் என்றன. 1933-இல் முத்துலட்சுமி ரெட்டி, அம்ரித் கௌர், ஹமித் அலி அம்மையார் மூவரும் லண்டனுக்கே போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள். கைநாட்டு வைக்கும் கூலிக்காரிக்கும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1935 சட்டம் அதை ஏற்கவில்லை, மனைவி, விதவை என்ற கணக்கிலேயே பலருக்கு ஓட்டு வந்தது.

இன்னொன்றையும் கட்டாயம் பேசு. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த முடிவு கடுமையானது, ஆனால் சரியானது என்பது என் கருத்து. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். "பெரியவன் ஆத்தான்னு எழுதிக்க தாயி" என்று ஒரு பாட்டி பெயரைச் சொல்லாமலே நின்றார். பேரனை விட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அவர் பெயர் பொன்னம்மாள்.

சிறைக்குப் போனதைப் பற்றி வம்பிழுத்தால் ருக்மணி லட்சுமிபதியைச் சொல். 1930-இல் வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர், 1946-இல் சென்னை மாகாண அமைச்சரானார். இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார், 1952-இல் திண்டுக்கல்லில் மக்களவைக்கு ஜெயித்தார். நேரம் குறைவாக இருந்தால் 1933, 28 லட்சம், இந்த இரண்டை மட்டும் விட்டுவிடாதே.