மார்மன் பட்டாளம்: தானாகச் சேர்ந்தார்களா, சேர்த்துவிடப்பட்டார்களா?

நெடுவழி:
1847 ஜனவரி 29 அன்று சான் டியேகோ மிஷன் தேவாலயத்துக்கு ஒரு காலாட்படை வந்து சேர்ந்தது. உடுப்பு கந்தல். பலருக்குச் செருப்பில்லை, செத்த மாட்டின் காலிலிருந்து தோலை அப்படியே உருவிக் காலில் மாட்டியிருந்தார்கள். முந்தைய ஜூலையில் அயோவாவில், இன்றைய கவுன்சில் பிளஃப்ஸ் பக்கம், மெக்சிகோவுடனான போருக்காக அமெரிக்கப் படையில் சேர்ந்த, மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த சுமார் 500 பேரில் அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 340 பேர். நடந்த தூரம் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். காலாட்படை வரலாற்றில் இதற்கு இணையான நடை கிடையாது என்று தளபதி ஃபிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் மறுநாளே ஆணையில் எழுதினார். தன்னார்வலர்களால் மட்டுமே இப்படி நடக்க முடியும் என்பது என் கருத்து.

கல்மேடு:
நடையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. 'தன்னார்வலர்' என்ற சொல்தான் இடிக்கிறது. முன்கதையையும் சொல்லுங்கள் ஐயா. 1838இல் மிசூரி ஆளுநர் பாக்ஸ் இவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது விரட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். 1844இல் இவர்களின் தலைவர் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து கொன்றார்கள். 1846 பிப்ரவரியில் இல்லினாயில் தாங்கள் வாழ்ந்த நாவூ நகரை விட்டு மாட்டு வண்டியில் கிளம்பினார்கள். அயோவா சேற்றில் பசியும் காய்ச்சலுமாகக் கிடந்தபோது அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் ஜேம்ஸ் ஆலன் வந்து 500 பேர் வேண்டும் என்கிறார். அவரைப் பார்த்ததும் முகாமே மிரண்டது. அரசாங்கம் அடுத்து ஏதோ செய்யப்போகிறது என்றுதான் நினைத்தார்கள். யாரும் முன்வரவில்லை. ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் முகாம் முகாமாகப் போய்ப் பேசிய பிறகே பட்டியல் நிறைந்தது. இறைவாக்கினர் என்று நம்பும் ஒருவர் 'போ' என்றால், அதற்கு மேல் எந்த மனிதன் மறுப்பான்?

நெடுவழி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். கேட்டது மார்மன்கள்தான். அவர்களின் பிரதிநிதி ஜெஸ்ஸி லிட்டில் வாஷிங்டன் போய், அவர்கள் மேல் பரிவுகொண்ட தாமஸ் கேனின் உதவியோடு, ஜனாதிபதி போல்க்கிடம் மேற்கே போக உதவி கேட்டார். இவர்கள் எதிரணிக்குப் போய்விடக் கூடாது என்ற கணக்கில் போல்க் ஒப்புக்கொண்டார். ஆளுக்கு ஓராண்டு உடுப்புப் பணம் 42 டாலர், ஃபோர்ட் லெவன்வொர்த் ராணுவக் கோட்டையில் முன்கூட்டியே கையில் கொடுத்தார்கள். 500 பேருக்கு 21,000 டாலர். வீடில்லாமல் வண்டியில் கிடந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

கல்மேடு:
அந்தப் பணத்தைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். உடுப்பு வாங்கக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி மிசூரி ஆற்றங்கரையில் இருந்த குடும்பங்களுக்குத் திரும்பிப் போனது. அதனால்தான் பழைய துணியோடு பாலைவனத்தில் நடந்தார்கள். போன பணமும் பொதுக் கொள்முதலுக்குச் செலவாகி, தங்களுக்கு வந்தது போதவில்லை என்று சில குடும்பங்கள் மனம் நொந்தன. கணவன் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், மனைவி குளிரில் விண்டர் குவார்ட்டர்ஸ் என்ற குளிர்கால முகாமில் ஒரு குடிசையில். நூற்றுக்கணக்கானோர் செத்த இடம் அது.

தாழை:
நீங்கள் இருவரும் ஆண்களையே பேசுகிறீர்கள். பட்டாளத்தோடு முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களும், அவர்களோடு குழந்தைகளும் கிளம்பினார்கள். சுமார் 20 பேர் துணி வெளுக்க ராணுவமே எடுத்தவர்கள். பெரும்பாலான பெண்களையும் நோயாளிகளையும் வழியில் மூன்று பிரிவாக இன்றைய கொலராடோவின் புவெப்லோவுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி வரை போனவர்களில் லிடியா ஹன்டர் சான் டியேகோவில் பிள்ளை பெற்று, சில நாளிலேயே இறந்தார். இவர்களையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. நடந்த மண் யாருடையது? மெக்சிகோவினுடையது. டிசம்பர் 16 அன்று டூசான் ஊருக்குள் நுழைந்தார்கள். மெக்சிகோ கேப்டன் கொமாதுரானின் காவற்படை விலகிவிட்டதால் சண்டை இல்லை. அதனாலேயே அதைப் படையெடுப்பு இல்லை என்றாக்க முடியாது.

நெடுவழி:
தாழை, பெண்களைப் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், சரிதான். டூசானில் அரசுக் கிடங்கிலிருந்து கோதுமை எடுத்தார்கள். தனியார் பொருளைத் தொடக் கூடாது என்று குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படையெடுப்பு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கொலராடோ ஆற்றைத் தாண்டிய பிறகு நடந்ததை யோசியுங்கள். மணலில் கிணறு தோண்டித் தோண்டித்தான் முன்னேறினார்கள். கோவேறு கழுதைகள் சரிந்தபோது வண்டியைக் கயிறு கட்டி ஆட்களே இழுத்தார்கள். ஜனவரி 19 அன்று ஒரு பள்ளத்தாக்கில் பாறை இடுக்கு வண்டியை விட ஒடுக்கமாக இருந்தது. கருவிகளில் பல ஆற்றோடு போய்விட்டிருந்தன. கோடாலியால் பாறையைச் செதுக்கி வண்டியை நுழைத்தார்கள், குக்கும் கோடாலி பிடித்தார். மனமில்லாமல் சேர்க்கப்பட்டவன் இதைச் செய்வானா?

கல்மேடு:
செய்வான். பாலைவனத்தின் நடுவில் நிற்பவன் வேறு எங்கே போவான்? மனசு தெரியும் இடம் வேறு. 1847 ஜூலை 16 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஓராண்டு முடிந்து விடுவித்தார்கள். மறுபடி சேரச் சொல்லி ராணுவம் வற்புறுத்தியது. சேர்ந்தவர்கள் சுமார் 80 பேர். யங் அருகில் இல்லாதபோது வந்த எண்ணிக்கை அதுதான்.

நெடுவழி:
அவர்களுக்கு ராணுவம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டாளத்தின் மருத்துவர் டாக்டர் சாண்டர்சன் பாதரச மருந்தைக் கட்டாயமாக விழுங்க வைத்ததை நாட்குறிப்புகளில் ஆத்திரத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் திரும்பியவர்களில் சிலர் கூலிக்காக கலிஃபோர்னியாவில் சட்டர் என்பவரின் மர ஆலையில் சேர்ந்தார்கள். 1848 ஜனவரி 24 அன்று அங்கே தங்கம் கிடைத்தது. அந்தத் தேதி நமக்குத் தெரிவதே பட்டாளத்தைச் சேர்ந்த ஹென்றி பிக்லரின் நாட்குறிப்பால்தான். தரையில் தங்கம் கிடக்க, அந்தக் கோடையிலேயே பலர் வண்டி கட்டி சியரா மலையைக் கடந்து, மார்மன்கள் குடியேறியிருந்த சால்ட் லேக்குக்குக் குடும்பத்தைத் தேடிப் போனார்கள். அப்போது அவர்கள் மேல் ராணுவச் சட்டம் எதுவும் இல்லை.

கல்மேடு:
அந்தப் பயணத்தைத் தன்னார்வம் என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். 1846 ஜூலைக்கு அந்தச் சொல்லைத் தர மாட்டேன்.