இந்தக் குடியானவக் கிழவியை வரைந்தது யார்?

மூன்று மாதம் முன்பு பழைய புத்தகக் கடையில் ஓர் ஓவிய அச்சு வாங்கினேன். கீழ் ஓரம் கிழிந்திருப்பதால் கையெழுத்தோ பெயரோ இல்லை. தேவாலய மர இருக்கையில் ஒரு குடியானவக் கிழவி, கையில் ஜெபப் புத்தகம். விரல் சுருக்கங்களைக்கூட எண்ணிவிடலாம்.

முதலில் வான்கோ என்று நினைத்தேன். 1884-85இல் நெதர்லாந்தின் நியூனன் ஊரில் அவர் வரைந்த குடியானவர் முகங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் முரட்டுத் தூரிகை, ஒரே இருட்டு. அப்புறம் குடியானவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லே. அவர் முகத்தை இவ்வளவு நுணுக்கமாகத் தீட்டுகிறவர் இல்லை. கூகுள் லென்ஸ் காட்டுவது ஜெர்மன் ஓவியர் வில்ஹெல்ம் லைபிள் 1878இல் தொடங்கிய 'தேவாலயத்தில் மூன்று பெண்கள்'. சாயல் சரிதான், ஆனால் என் படத்தில் ஒருத்திதானே!

இது ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த லைபிள் ஓவியத்திலிருந்து வெட்டியெடுத்த பகுதியா, வேறொருவர் வரைந்ததா?