தமிழ் நூலுக்கு லாடெக்: கோமா-ஸ்கிரிப்டா, புக் வகுப்பும் டைட்டில்செக்குமா?

நூல்கட்டு:
டெமி அளவில் (140 × 215 மி.மீ.) கட்டுரை நூல். லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் ஸீலாடெக் வடிவம், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பு, முதன்மை எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 11 பாயின்ட். புக் வகுப்பையும் (நூலின் அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பு), தலைப்புகளை வடிவமைக்கும் டைட்டில்செக் தொகுப்பையும் விட்டு, கோமா-ஸ்கிரிப்ட் தொகுதியின் நூல் வகுப்பான ஸ்கிர்புக்குக்கு மாற்றியதும் இயல் தலைப்புகள் காணாமல் போகின்றன. டைட்டில்செக்கைத் திரும்பச் சேர்த்தால் தலைப்பு வருகிறது, கூடவே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. எதை வைத்துக்கொள்வது?

அச்சுப்படி:
டைட்டில்செக்கை எடுத்துவிடுங்கள். கோமா வகுப்புகள் தலைப்புகளை சான்ஸ் (முனைக்கோடு இல்லாத) எழுத்துருவில் அமைக்கும். நீங்கள் செரிஃபுக்கு (முனைக்கோடு உள்ளது) மட்டும்தான் தமிழ் எழுத்துரு கொடுத்திருக்கிறீர்கள். சான்ஸ் இன்னும் லத்தீன் மாடர்ன். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. லாடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ (எழுத்து இல்லை) என்று வரிசையாக இருக்கும். விடுபட்ட எழுத்துகளைச் சொல்லும் ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ் மதிப்பை 3 ஆக்கிவிட்டால், டெக் லைவ் என்ற லாடெக் வெளியீட்டின் 2021 பதிப்பு முதல் அது பிழையாகவே வந்து நிற்கும். தமிழில் வேலை செய்கிற எல்லோரும் இதைப் போட்டுவைக்க வேண்டும்.

தீர்வு: செட்சான்ஸ்ஃபான்ட் கட்டளையில் நோட்டோ சான்ஸ் தமிழ், கூடவே ‘ஸ்கிரிப்ட்’ விருப்பத்தில் தமிழ். அதை விட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். தலைப்பும் செரிஃபில்தான் வேண்டுமென்றால் ஆட்டூகோமாஃபான்ட் கட்டளையில் ‘டிஸ்போசிஷன்’ (தலைப்புகள்) உறுப்புக்கு ஆர்எம்ஃபேமிலி (செரிஃப்) கொடுங்கள், ஒரே வரியில் முடிந்தது.

ஓரக்கோடு:
எழுத்துரு விஷயத்தில் அச்சுப்படி சொல்வது சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. தலைப்பு சின்ன விஷயம், பக்க அளவுதான் பெரியது. கோமா பக்கத்தைச் சம பட்டைகளாக வெட்டி ஓரத்தைத் தீர்மானிக்கிறது. கட்டுமானத்துக்கு (பைண்டிங்கில் மறையும் பகுதி) 10 மி.மீ., டிவ் (பட்டைகளின் எண்ணிக்கை) 9 என்று வைத்தால் மீதி 130 மி.மீ.யில் ஒன்பதில் ஆறு பங்குதான் எழுத்துக்கு, அதாவது 87 மி.மீ. ‘கொண்டுவரப்பட்டிருக்கின்றன’ போன்ற சொற்கள் அந்த அகலத்தில் ஓரத்தைத் தாண்டும், அல்லது முந்தின வரியில் பொந்து விழும். புக் வகுப்பில் பக்க அளவுத் தொகுப்பான ஜியாமெட்ரி போட்டு உள் ஓரம் 20, வெளி ஓரம் 15 என்று எழுதினால் 105 மி.மீ. கிடைக்கும். அச்சகம் கேட்கிற கணக்கும் மில்லிமீட்டரில்தான். தலைப்புக்கு மேலே 50, கீழே 40 பாயின்ட் என்ற புக் வகுப்பின் இயல்பு இடைவெளியை டைட்டில்செக்கின் டைட்டில்ஸ்பேசிங் கட்டளை ஒரே வரியில் மாற்றிவிடும்.

அச்சுப்படி:
டிவ் 9 யார் வைக்கச் சொன்னது? 12 வைத்தால் 97.5 மி.மீ. துல்லியமான அளவே வேண்டுமென்றால் கோமாவிலேயே எழுத்துப் பரப்பை நேராகக் கொடுக்கும் ஏரியாசெட் கட்டளை இருக்கிறது. அகலம் 105, கட்டுமானம் 12.5 கொடுங்கள். மிச்சம் 22.5, அதில் ஒரு பங்கு உள்ளே, இரு பங்கு வெளியே. உள் ஓரம் 20, வெளி ஓரம் 15, நீங்கள் கேட்ட அதே கணக்கு.

சொல் பிளவுக்கும் அகலத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். மொழித் தொகுப்பான பாலிகிளாசியாவில் தமிழை முதன்மை மொழியாக அறிவிக்காதவரை சொல் பிரிக்கும் விதிகள் வேலை செய்யாது, 105 மி.மீ.யிலும் வரி தாண்டும். அறிவிக்கும்போது தமிழுக்கான செரிஃப், சான்ஸ் இரண்டையும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். வரியில் கூடுதல் இடைவெளியை அனுமதிக்கும் எமர்ஜென்சிஸ்ட்ரெச்சை 3 எம் (எழுத்துரு அளவைப் பொறுத்த அலகு) அளவுக்கு வைத்தால் மிச்சமும் அடங்கும்.

ஓரக்கோடு:
ஏரியாசெட் கணக்கு சரிதான், ஏற்கிறேன். ஆனால் உள் ஓரம் 20 என்று நேராக எழுதுவதற்குப் பதில் 12.5 என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறதே. ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்ததென்று எப்படித் தெரியும்?

வரிச்சட்டம்:
இருவரும் வரி இடைவெளியை விட்டுவிட்டீர்கள். 11 பாயின்ட்டுக்கு இயல்பு இடைவெளி 13.6. தமிழில் கீழே இறங்கும் கூ, மூ, மேலே ஏறும் கீ, மீ எல்லாம் முட்டாமலிருக்க 16 வேண்டும், அதாவது வரி இடைவெளிப் பெருக்கியான லைன்ஸ்பிரெட் 1.18. இதைப் பக்க அளவுக்குப் பிறகு எழுதினால் பக்க உயரம் முழு வரிக்கணக்கில் வராது. இருபக்க நூலில் பத்திகளுக்கு நடுவே இடைவெளி இழுபடும், லாக்கில் ‘அண்டர்ஃபுல் விபாக்ஸ்’ (பக்கம் சரியாக நிரம்பவில்லை) எச்சரிக்கை குவியும். ஆகவே முதலில் லைன்ஸ்பிரெட், அடுத்து அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் செலெக்ட்ஃபான்ட், அதன்பிறகே பக்க அளவு. ஜியாமெட்ரி என்றால் உயரத்தை முழு வரிகளாக்கும் ஹைட்ரவுண்டட் விருப்பத்தைச் சேருங்கள். ஏரியாசெட் என்றால் உயரத்தை டாப்ஸ்கிப்போடு (முதல் வரிக்கான இடம்) 28 பேஸ்லைன்ஸ்கிப் (வரி இடைவெளி) என்று கொடுங்கள். பக்கத்துக்கு 29 வரி.

நூல்கட்டு:
சான்ஸ் எழுத்துரு கொடுத்ததும் தலைப்பு வந்துவிட்டது. ஸ்கிர்புக்கும் ஏரியாசெட்டும் வைத்துக்கொள்கிறேன். ஓரக்கோடு சொன்னதற்காக 12.5க்குப் பக்கத்திலேயே கணக்கைக் குறிப்பாக எழுதிவிட்டேன். தலைப்பில் எண் மட்டும் வருகிறது, ‘இயல்’ என்ற சொல் வரவில்லை.

அச்சுப்படி:
வகுப்பு விருப்பத்தில் சாப்டர்பிரிஃபிக்ஸை இயக்குங்கள். பெயரை மாற்ற ரிநியூகேப்ஷன்நேம் கட்டளைதான். கோப்பின் தொடக்க அமைப்புப் பகுதியில் (ப்ரீஆம்பிள்) சாப்டர்நேமை நேரடியாக மாற்றினால் ஆவணம் தொடங்கும்போது பாலிகிளாசியா அதை அழித்துத் தன் சொல்லைப் போட்டுவிடும்.