ஹைலக்ஸ் ட்ரக்கில் ஓவர்டிரைவ் விழவில்லை: கியர்பாக்ஸைப் பிரிக்காமல் காரணம் அறிய வழி உண்டா?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் ட்ரக் உள்ளது; 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஏ340எஃப் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். துறைமுகத்திலிருந்து வலைகளையும் ஐஸ் பெட்டிகளையும் புதுச்சேரிக்கு ஏற்றிச் செல்வதே அதன் வேலை. சில மாதங்களாக வண்டி மூன்றாவது கியரைத் தாண்டி, நான்காவது கியரான ஓவர்டிரைவுக்கு மாறுவதில்லை. முதல் மூன்று கியர்களும் உதறல் இல்லாமல் மாறுகின்றன. ஆனால் தவளக்குப்பம் தாண்டியதும் மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக ஓட்டினாலும் ஆர்.பி.எம். 2800ஐ ஒட்டியே நிற்கிறது. முன்பெல்லாம் அந்த வேகத்தில் 2000க்குள்தான் காட்டும். பெட்ரோல் செலவும் கணிசமாகக் கூடியிருக்கிறது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, வண்டி புதுச்சேரி ரெயின்போ நகரில் உறவினர் வீட்டு வாசலில், சக்கரத்தின் பாதி உயரத்திற்குத் தண்ணீரில் நின்றது. அதனால் உள்ளே கிளட்ச் தகடுகள் போய்விட்டன என்றும், கியர்பாக்ஸை இறக்கி முழுவதையும் புதுப்பிக்க வேண்டும் என்றும் ஒரு பட்டறையில் கூறுகிறார்கள். அவ்வளவு பெரிய செலவுக்கு முன் வேறு ஏதேனும் பார்க்க முடியுமா?

அரியாங்குப்பத்தான் எழுதியது:

வணக்கம் ஐயா. கட்டாயம் பார்க்க முடியும். பார்த்த பிறகே இறக்க வேண்டும். இந்தக் கியர்பாக்ஸில் மூன்றாவது கியரின் விகிதம் 1.000, ஓவர்டிரைவின் விகிதம் 0.705. நீங்கள் சொல்லும் 2800ஐ 0.705ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1975 வருகிறது. ஆகவே நீங்கள் இழந்தது ஓவர்டிரைவைத்தான் என்பதில் ஐயமில்லை. டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) லாக்-அப், அதாவது வழுக்கலின்றி நேரடியாகப் பிடிக்கும் பூட்டு, மட்டும் போயிருந்தால் வித்தியாசம் சில நூறு ஆர்.பி.எம். அளவில்தான் இருக்கும்.

ஏ340 குடும்பத்தில் கியர் மாற்றத்தை இரண்டு சாலினாய்டுகள் (மின்சாரத்தால் இயங்கும் ஆயில் வால்வுகள்) தீர்மானிக்கின்றன. முதல் கியரில் ஒன்றாம் சாலினாய்டுக்கு மட்டும் மின்சாரம், இரண்டாவதில் இரண்டுக்கும், மூன்றாவதில் இரண்டாம் சாலினாய்டுக்கு மட்டும், ஓவர்டிரைவில் இரண்டுக்குமே மின்சாரம் இல்லை. அதாவது, மின்சாரமே போகாவிட்டால் 'டி' நிலையில் இந்தக் கியர்பாக்ஸ் தானாகவே ஓவர்டிரைவில்தான் நிற்கும். இதை வைத்தே மின்கோளாறையும் உள்கோளாறையும் பிரித்துவிடலாம்.

முதலில், பானெட்டுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளை ஒரு ஒயரால் இணைத்து, ஓவர்டிரைவ் பொத்தானை ஆன் நிலையில் வைத்து, சாவியைத் திருப்பி, 'ஓ/டி ஆஃப்' விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று பாருங்கள். அந்தச் சிமிட்டல்கள் காட்டும் குறியீட்டு எண்களில் 62, 63 என்பவை சாலினாய்டுகளின் மின்சுற்றுக் கோளாறையும், 42, 61 என்பவை வேக சென்சார்களின் கோளாறையும் குறிக்கும். இதை முதலிலேயே செய்துவிடுங்கள். அடுத்த சோதனைக்காகக் கனெக்டரைக் கழற்றினால் அதுவே புதிய குறியீடுகளை ஏற்படுத்திக் குழப்பிவிடும்.

பிறகு கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள சாலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கர இயக்கத்துக்கான ட்ரான்ஸ்ஃபர் லீவரை இரு சக்கர நிலையில் வைத்து, வண்டிகள் குறைவாக உள்ள நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது 'எல்' நிலையில் முதல் கியரும், '2' நிலையில் மூன்றாவது கியரும், 'டி' நிலையில் ஓவர்டிரைவும் மட்டுமே கிடைக்கும். 'எல்'லில் கிளம்பி, '2'க்கு மாற்றி, 60 கி.மீ. வேகம் வந்ததும் 'டி'க்குக் கொண்டுவாருங்கள். வேகத்தில் இருக்கும்போது லீவரை 'எல்'லுக்கு ஒருபோதும் இழுக்காதீர்கள். முதல் கியர் விழுந்து பின்சக்கரங்கள் இறுகிவிடும். 'டி'யில் ஆர்.பி.எம். தெளிவாக இறங்கினால் உள்ளே ஓவர்டிரைவ் பிரேக் (அந்தக் கியரைப் பிடித்துத் தரும் தகடுகளின் தொகுப்பு) நலமாக இருக்கிறது என்று பொருள்.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

மேலே சொன்ன சோதனை சரியானதே. ஆனால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்பதால், ஓட்டுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். காற்றுத் துளை வழியாகவோ டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ தண்ணீர் புகுந்திருந்தால் ஏ.டி.எஃப். (கியர்பாக்ஸ் ஆயில்) ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருக்கும். தண்ணீர் கலந்த ஆயிலில் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு ஊறி, ஒட்டு விட்டுப் பிரிந்து வரும். அந்த நிலையில் ஓட்டிப் பார்ப்பதே கேடு. ஆயில் பழுப்பாகித் தீய்ந்த வாசனை அடித்தால் தகடு கருகியிருக்கிறது என்று அறியலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றிலிருந்து நான்குக்கு மாற வேண்டிய கணத்தில் இன்ஜின் பிடிப்பில்லாமல் ஒரு முறை உறுமுகிறதா? உறுமினால் ஓவர்டிரைவ் பிரேக்கின் தகடுகளோ பிஸ்டன் சீல்களோ தேய்ந்திருக்கின்றன. உறுமவும் இல்லை, கனெக்டரைக் கழற்றியும் ஓவர்டிரைவ் வரவில்லை என்றால், இரண்டாம் சாலினாய்டு அழுக்கால் மூடாமல் நிற்கலாம், அல்லது வால்வ் பாடியில் (ஆயிலைப் பிரித்தனுப்பும் பகுதி) வால்வு சிக்கியிருக்கலாம். இதற்கு அடியில் உள்ள ஆயில் தட்டை (பான்) இறக்கினால் போதும். தகடே போயிருந்தாலும், இந்த மாடலில் ஓவர்டிரைவ் பகுதி முன்புறம், ஆயில் பம்புக்கு அடுத்தே இருக்கிறது. கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் பின்பகுதிக் கியர்கள் நன்றாக இருந்தால் அவற்றைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

கெடிலக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆயில் சிவப்பாகவே இருக்கிறது, கலங்கவில்லை, வாசனையும் இல்லை. உறுமலும் இல்லை. விளக்கு எந்தக் குறியீடும் காட்டாமல் சீராகவே சிமிட்டியது. கனெக்டரைக் கழற்றி கிருமாம்பாக்கம் வரை ஓட்டியதில், 'டி'க்கு மாற்றிய உடனே ஆர்.பி.எம். இறங்கியது! சாலினாய்டுகளின் மின்தடை இரண்டிலும் 13 ஓம் வருகிறது. ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது. கனெக்டரைத் திரும்பப் பொருத்தினால் பழைய கதைதான். இனி எங்கே தேடுவது?

அரியாங்குப்பத்தான் எழுதியது:

நல்ல செய்தி ஐயா. கியர்பாக்ஸை யாரும் தொட வேண்டாம். 13 ஓம் என்பது சரியான அளவு, 11 முதல் 15 வரை இருக்கலாம். ஈசியு, அதாவது இன்ஜினையும் கியர் மாற்றத்தையும் கட்டுப்படுத்தும் கணினிதான், ஓவர்டிரைவைத் தர மறுக்கிறது. இன்ஜின் சூடேறாத வரை அது ஓவர்டிரைவையும் லாக்-அப்பையும் தராது. பெட்ரோல் செலவு கூடியதாக நீங்கள் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக ஈசியு நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுவில் நிற்பதை நம்ப வேண்டாம். அந்த முள்ளுக்கு ஒற்றை ஒயர் கொண்ட தனி சென்சார். ஈசியுவுக்கு இரண்டு பின் கொண்ட வேறு சென்சார். நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் இன்ஜின் சூடாகிறது என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டையே (இன்ஜின் சூடேறும் வரை குளிர்நீரைத் தடுக்கும் வால்வு) கழற்றி வீசிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு இரண்டு பின் சென்சாரின் மின்தடையை நேரடியாகவும், ஈசியுவின் பிளக்கைக் கழற்றி, அந்த சென்சாரின் ஒயர்கள் வந்து சேரும் டிஹெச்டபிள்யூ, இ2 முனைகளுக்கு இடையிலும் அளந்து ஒப்பிடுங்கள். 80 டிகிரியில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் வர வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

தெர்மோஸ்டாட் இருக்கிறது. சென்சாரில் நேரடியாக 0.3 கிலோ ஓம்; ஈசியு பக்கம் 1.2. சென்சார் பிளக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது, ஒரு பின் பாதி அரித்துப் போயிருக்கிறது. வெள்ளத் தண்ணீரா, துறைமுகத்து உப்புக் காற்றா என்று தெரியவில்லை.

அரியாங்குப்பத்தான் எழுதியது:

1.2 கிலோ ஓம் என்றால் ஈசியுவுக்கு 40 டிகிரி என்றே தெரியும், காரணம் கிடைத்துவிட்டது. பின்னைச் சுரண்டிச் சமாளிக்காமல் பிளக்கையே மாற்றி, ஒயரில் பச்சை ஏறியிருக்கும் தூரம் வரை வெட்டிவிட்டுப் புது ஒயரை ஈயம் வைத்து இணையுங்கள். பிறகு இஎஃப்ஐ ஃபியூஸைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் சோதனையின்போது பதிவான குறியீடுகள் அழியும். சாலினாய்டு கனெக்டரையும் திறந்து பாருங்கள். அதுவும் அதே தண்ணீரில் நின்றதுதான்.

கெடிலக்கரை எழுதியது:

பிளக்கை மாற்றியாயிற்று. இன்று காலை ஐஸ் பெட்டிகளுடன் புதுச்சேரி சென்றேன்; முள்ளோடை வருவதற்கு முன்பே ஓவர்டிரைவ் விழுந்தது, சற்று நேரத்தில் லாக்-அப்பும் பிடித்தது. 85 கி.மீ. வேகத்தில் ஆர்.பி.எம். 2000க்குள் நிற்கிறது. சாலினாய்டு கனெக்டரில் அரிப்பு ஏதும் இல்லை.