ஏ.கியூ.எல்.லுக்குத் தமிழ்: ‘ஏற்கத்தக்க’ என்று தொடங்க வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தரச்சோதனைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், ஏ.கியூ.எல். (மொத்தச் சரக்கில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, மொத்தத்தையும் ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்க வைக்கும் குறை வரம்பு) என்பதற்கு ‘ஏற்கத்தக்க குறையளவு’ என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் ஒரு சங்கதி. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டவன்.

சிங்கப்பூரின் துவாஸில் உலோக உதிரிபாகம் செய்யும் ஓர் இடத்தில் தரச்சோதனையில் இருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகளுக்குச் சோதனை முறையைச் சொல்லித்தருவதும் என் வேலை. ‘ஏற்கத்தக்க குறையளவு 1 விழுக்காடு’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால், ஒருவர் கேட்கிறார்: “அப்ப நூத்துக்கு ஒண்ணு சொத்தையாப் போனா பரவாயில்லையாண்ணே?” ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வாரம், ஓரத்தில் பிசிறு நின்ற ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டார். “ஒண்ணுதானேண்ணே, கணக்குக்குள்ளதான் இருக்கு” என்றார். அவர்மீது என்ன தப்பு? பலகையில் இருந்ததைத்தான் செய்தார்.

இந்தச் சோதனை முறையை வகுக்கும் பன்னாட்டுத் தர ஆவணமோ (ஐ.எஸ்.ஓ. 2859) இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. இந்த எண்ணைக் குறித்துவிட்டதால், குறையுள்ள ஒரு பொருளைக்கூடத் தெரிந்தே அனுப்பும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. கண்ணில் பட்டதை எடுத்துவிடத்தான் வேண்டும். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருந்தது. ‘அக்செப்டபிள் குவாலிட்டி லெவல்’ என்று இருந்ததை ஐ.எஸ்.ஓ. 2859 முதற்பகுதியின் 1999 பதிப்பில் ‘அக்செப்டன்ஸ் குவாலிட்டி லிமிட்’ என்று மாற்றினார்கள். அவர்களே கைவிட்ட பெயரை நாம் எடுத்துத் தமிழ்ப்படுத்துவானேன்?

சொல்லில் விட்டுப்போனது எது என்று யோசித்துப் பார்த்தேன். ‘லாட்’, அதாவது ஒன்றாகச் செய்து ஒன்றாகச் சோதனைக்கு வரும் மொத்தச் சரக்கு, விட்டுப்போயிருக்கிறது. நாம் ஏற்பதும் தள்ளுவதும் மொத்த லாட்டை. தனிப் பொருளை இல்லை. 1000 துண்டு கொண்ட லாட், வழக்கமான சோதனை நிலை, ஏ.கியூ.எல். 1 என்றால் அட்டவணைப்படி 80 எடுக்க வேண்டும். குறையுள்ளவை 2 வரை இருந்தால் லாட் உள்ளே, 3 வந்தால் வெளியே. அந்த 80, 2, 3 எல்லாம் தீர்ப்புச் சொல்வதற்கான எண்கள். ‘இவ்வளவு கெட்டுப்போகலாம்’ என்ற சலுகை அதில் எங்கும் இல்லை.

லாட்டுக்குத் ‘தொகுதி’ என்று அகராதிகள் சொல்கின்றன. சிங்கப்பூரில் தொகுதி என்றால் தேர்தலும் குழுத்தொகுதியும்தான் நினைவுக்கு வரும். என் முன்மொழிவு ‘ஈடு’. முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்கிறோமே, அதுதான். ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே ஆவி. லாட் என்பதன் இலக்கணமும் ஏறக்குறைய இதுதானே: ஒரே நிலைமையில், ஒரே ஓட்டத்தில் செய்தவை. அந்த ஒருமை இல்லாமல் நேற்றையதையும் இன்றையதையும் கலந்து ஒரே பெட்டியில் கொட்டிவிட்டு 80 எடுத்தால், அந்த 80 எதைப் பற்றிப் பேசும்?

(‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பானைக்குள் கொதிநீர் எல்லா அரிசியையும் ஒருபோலப் போட்டு வேகவைக்கிறது. அதனால் ஒரு சோறு போதும். லேத் மெஷினுக்குள் கொதிநீர் இல்லை. நம் வேலைக்கு நெருக்கமானது மண்டிக்காரரின் குத்தூசி: மூட்டையில் நாலு இடத்தில் குத்தி எடுத்துப் பார்ப்பார்.)

அடுத்து, நம் பேச்சில் வந்த ‘உற்பத்தியாளர் இடர்’ (நல்ல லாட் தள்ளப்படும் வாய்ப்பு), ‘நுகர்வோர் இடர்’ (கெட்ட லாட் ஏற்கப்படும் வாய்ப்பு). அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் டாட்ஜும் ரோமிக்கும் 1920களில் இந்தக் கணக்கை வகுத்த காலத்துப் பெயர்கள். நட்டப்படுவது யார் என்பதைச் சொல்கின்றன. தமிழில் ‘நுகர்வோர்’ என்றதும் தேக்கா சந்தையில் பையோடு நிற்பவர்தான் மனத்தில் வருகிறார். எங்கள் இடத்தில் ‘நுகர்வோர்’ பக்கத்து அறையில் அசெம்பிளி செய்பவர். சம்பளம் போடுவதும் ஒரே முதலாளி. நடக்கும் பிழையைப் பெயராக வைத்தால் தெளிவு. நல்லதைத் தள்ளிவிடுவது வீண்தள்ளல். கெட்டதை உள்ளே விட்டுவிடுவது நழுவல். தளத்தில் இப்போதே ‘எஸ்கேப்’ என்றுதான் சொல்கிறார்கள். மேலே சொன்ன திட்டத்தில், 1 விழுக்காடு குறையுள்ள லாட் 100இல் 95 முறை தேறும். மீதி 5 முறை வீண்தள்ளல். 5 விழுக்காடு குறையுள்ள லாட்டோ ஏறக்குறைய நாலில் ஒரு முறை நழுவிவிடும். இதைச் சொன்னபோதுதான் தம்பிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எவ்வளவு சோதிப்பது என்பதற்கு வந்த ‘செலவு–இடர் சமநிலை’ என்ற சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் காட்டிய கணக்கில் சமநிலைக்கு இடமே இல்லை. ஒரு துண்டைச் சோதிக்க 50 காசு, ஒன்று நழுவினால் 100 வெள்ளி நட்டம் என்று வையுங்கள். வகுத்தால் 200இல் ஒன்று. குறை நிலையாக அதற்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் சோதி. கீழே இருந்தால் ஒன்றையும் சோதிக்காதே. நடுவழி இல்லை. குறை எவ்வளவு என்று தெரியாதபோது, அது ஏறி இறங்கும்போதுதான் 80 எடுக்கும் பேச்சே வருகிறது. அந்த 200இல் ஒன்றுக்குக் ‘கட்டுபடி வீதம்’ என்று பெயர் வைக்கலாமா? ‘கட்டுபடியாகாது’ என்று தினமும் சொல்கிறவர்கள்தானே நாம்.

---

ஐயா, வணக்கம்.

நழுவல், வீண்தள்ளல் இரண்டும் அருமை. கட்டுபடி வீதத்துக்கும் என் ஓட்டு உண்டு. ‘ஈடு’தான் இடிக்கிறது. ஒப்பந்தத் தாளில் ஈடு என்றால் அடமானம், இழப்பீடு. ‘ஈடு திருப்பி அனுப்பப்பட்டது’ என்று எழுதினால் கணக்குப் பிரிவில் பணம் வந்ததா என்று கேட்பார்கள். பேசாமல் ‘லாட்’ என்றே விட்டால் என்ன? எல்லாருக்கும் புரிகிறதே.

---

கணக்குப் பிரிவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஒப்பந்தத்தில் ‘லாட்’ இருக்கட்டும். தளத்துச் சீட்டுக்கு மட்டும் ஈடு, ஏ.கியூ.எல்.லுக்கு ‘ஈட்டேற்பு வரம்பு’. ‘ஈடேற்பு’ என்று எழுதினால் மோட்சம் வரை போய்விடும், ஒற்று இரட்டித்தே எழுதுவோம்.

இன்று காலை ‘ஈடு எண் 14’ என்று எழுதிய சீட்டை ஒரு பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன். தம்பி படித்துவிட்டு, “இட்லியாண்ணே?” என்றார். அப்புறம் அவராகவே 13ஆம் ஈட்டுப் பெட்டியைத் தனியாக நகர்த்தி வைத்தார்.