எச்எஸ்சி மாடரேஷன் பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

சிட்னில இருக்கற பேரன்ட்ஸ் யாராவது கொஞ்சம் சொல்லுங்க. பொண்ணு இந்த வருஷம் எச்எஸ்சி (இங்க பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாம்), கெமிஸ்ட்ரில ஸ்கூல் ரேங்க் 4. ஸ்கூல் குடுக்கற அசெஸ்மென்ட் மார்க் அப்படியே போகாது, அந்த ஸ்கூல் பசங்க எக்ஸாம்ல எடுக்கற ஆவரேஜுக்கு ஏத்த மாதிரி நேசா (எச்எஸ்சி நடத்தற ஸ்டேட் போர்டு) ஏத்தி இறக்கும், அதான் மாடரேஷன், ஃபர்ஸ்ட் ரேங்குக்கு அந்த குரூப்போட டாப் எக்ஸாம் மார்க் போகும், ரேங்க் ஆர்டர் மாறாது, கடைசில எக்ஸாம் மார்க் பாதி, இந்த மாத்துன அசெஸ்மென்ட் மார்க் பாதி, இதுவரைக்கும் புரியுது (யுனிவர்சிட்டி சேர்றதுக்கான ஏடார் ரேங்குக்கு பண்ற ஸ்கேலிங் வேற கதை, அத இதுல கலக்காதீங்க ப்ளீஸ்). என் டவுட்டே வேற, கிளாஸ்ல மொத்தமே ஆறு பேர்தான், அதுல ஒருத்தர் எக்ஸாம்ல சொதப்புனா மத்தவங்களுக்கும் சேர்த்து இறங்குமா? சின்ன கிளாஸ்ல பசங்க படிச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க, ட்ரையல் (ஃபைனலுக்கு முன்னாடி ஸ்கூல் வைக்கற எக்ஸாம்) வேற நெருங்குது, ரேங்க ஏத்தறதுல மெனக்கெடணுமா இல்ல ஃபைனலுக்கே உக்காந்து படிக்கச் சொல்லவா?